நாளைக்கு எச்ஆர் கூப்பிட்டிருக்கிறார், ரிசைன் பண்ணுவதா வேண்டாமா?

பெஞ்சுக்கு_வந்தவன்
வணக்கம் மக்களே. சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், பெயர் வேண்டாம். போன ப்ராஜெக்ட் முடிந்ததிலிருந்து பெஞ்ச், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஆள் ஒதுக்கும் ஆர்எம்ஜி டீம் காட்டியதில் ஒன்று நொய்டா, இன்னொன்றில் கிளையன்ட் இன்டர்வியூவே நடக்கவில்லை. இப்போது எச்ஆர் நாளை மதியம் "ஒரு சின்ன டிஸ்கஷன்" என்று காலண்டரில் போட்டிருக்கிறார். போன வாரம் இதே மாதிரி டிஸ்கஷனுக்குப் போன எங்கள் டீம் அண்ணன் அன்றைக்குச் சாயந்திரமே ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வந்தார். ரிசைன் பண்ணினால் இரண்டு மாத பேசிக் (அடிப்படைச் சம்பளம்), சுத்தமான ரிலீவிங் லெட்டர். பண்ணாவிட்டால் டெர்மினேஷன், அது அடுத்த கம்பெனி செய்யும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் வரும், இனி ஐடியில் எங்கேயும் சேர முடியாது என்றார்களாம். என் பேசிக் 50,000. மேடவாக்கத்தில் ஃப்ளாட், ஈஎம்ஐ 38,000. மனைவி இப்போது வேலைக்குப் போகவில்லை, பையன் யுகேஜி. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேளம்பாக்கம்வாசி
தம்பி, அந்த ரூமில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதே. போர்ட்டலைத் திறந்து ரிசைன் பட்டனை அழுத்தச் சொல்வார்கள், அதையும் அழுத்தாதே. "யோசித்துச் சொல்கிறேன், நீங்கள் சொன்னதை மெயிலில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல். அனுப்ப மாட்டார்கள். அதனால் வெளியே வந்ததும் நீயே எழுது: இன்று இத்தனை மணிக்கு இன்னாரோடு பேசினேன், ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை, வேலை பார்க்கத் தயாராக இருக்கிறேன், ப்ராஜெக்ட் கொடுங்கள். மரியாதையாக நாலு வரி போதும், கோபம் வேண்டாம்.

அப்புறம் இன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பே ஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர், ஒவ்வொரு வருஷ அப்ரைசல் ரேட்டிங், பாராட்டி வந்த கடிதம், பிஎஃப் யுஏஎன் நம்பர், இன்சூரன்ஸ் கார்டு எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள். மீட்டிங் முடிவதற்குள் ஆக்சஸ் போய்விடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கிளையன்ட் ஃபைல், ப்ரோக்ராம் கோடு எதையும் தொடாதே. அதை வைத்தே தப்பான ஆள் என்று வெளியே அனுப்புவார்கள், அப்போது எந்தச் சட்டமும் உதவாது.

சரவணம்பட்டி_டெஸ்டர்
எல்லாரும் இப்படித்தான் வீரமாகச் சொல்வார்கள். நான் கோவையில் இதே நிலைமையில் ரிசைன் பண்ணினேன், வருத்தமே இல்லை. எச்ஆரோடு மல்லுக்கட்டியவனுக்கு என்ன கிடைத்தது? மூன்று மாதம் கேட்டில் நின்றான், ரிலீவிங் லெட்டருக்கு அலைந்தான். நான் அந்த மூன்று மாதத்தில் இன்டர்வியூவுக்குப் படித்தேன். நம் ஊரில் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனி உள்ளேயே விடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஈஎம்ஐ கட்டுகிறவனுக்குக் கொள்கை எதற்கு ப்ரோ?

கறுப்புக்கோட்டு
டெஸ்டர் சொல்வது சில பேருக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் என் கட்சி. நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவள்.

ராஜினாமா செய்தால் சட்டத்தின் கண்ணில் நீங்களாகப் போனவர். கம்பெனி அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். இது 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்கள் ஒன்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலரை மாதச் சம்பளம். அவர்கள் காட்டுவது இரண்டு மாத பேசிக், அதாவது ஒரு லட்சம். புதிய தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் கணக்கில் வர வேண்டும். ராஜினாமா கொடுத்தவருக்கு இது எதுவுமே கிடையாது.

கிராஜுவிட்டி வேறு. ஐந்து வருஷம் முடிந்துவிட்டதால் ராஜினாமா செய்தாலும் நீக்கினாலும் அது உங்கள் பணம். பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள்: 50,000-க்கு ஒன்பது வருஷத்தில் 2,59,600 சொச்சம் வரும். சில எச்ஆர்கள் இதையும் "பேக்கேஜில்" சேர்த்து ஏதோ அவர்கள் கையை விட்டுக் கொடுப்பது போலக் காட்டுவார்கள். வேலை சரியில்லை என்று நீக்கினால்கூட அதைப் பிடிக்க முடியாது.

ஒரு விஷயத்தில் பொய் நம்பிக்கை வேண்டாம். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி என்பது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்குத்தான், ஐடி கம்பெனிக்கு இல்லை. அதனால் உங்களை அனுப்பவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுப்பலாம், முறையாக, காசு கொடுத்து அனுப்ப வேண்டும்.

எச்ஆர்தான்_நானும்
திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்த மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

லிஸ்ட் எப்படி வருகிறது தெரியுமா? மேலே இருந்து ஒரு எண் வரும். டெலிவரி ஹெட் அதை அக்கவுண்ட் வாரியாகப் பிரிப்பார். அப்புறம் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: எத்தனை நாளாக பெஞ்ச், அந்த பேண்டில் (பதவி மட்டத்தில்) சம்பளம் எவ்வளவு, கடைசி ரேட்டிங் என்ன. ரேட்டிங் மோசமாக இல்லாதவர்களும் லிஸ்டில் இருப்பார்கள், அவர்கள் சம்பளத்துக்கு இரண்டு ஃப்ரெஷரைப் போடலாம் என்பதால். நீங்கள் நல்லவரா, உழைப்பாளியா என்பது அந்த எக்செல் ஷீட்டில் ஒரு கட்டமாகக்கூட இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வெளியே போகிறவர்கள் எல்லாரும் "நான் எங்கே தப்பு பண்ணினேன்" என்று கேட்டுக்கொண்டேதான் போகிறார்கள்.

ரிசைன் பண்ணச் சொல்வதன் காரணம் உங்கள் கரியர் மேல் உள்ள அக்கறை இல்லை. ஆட்குறைப்பு என்று எழுதினால் கறுப்புக்கோட்டு மேடம் சொன்ன செலவு மட்டும் இல்லை, கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற விதியும் வரும். நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர், சீனியரைத்தானே அனுப்புகிறோம். ராஜினாமா கடிதம் ஒன்று ஃபைலில் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. "இன்று சாயந்திரத்துக்குள் முடிவு சொல்லுங்கள்" என்பதும் அதற்காகத்தான். அந்தக் கெடு பெரும்பாலும் நாங்களாக வைத்துக்கொள்வது. ஒரு நாள் கேட்டால் கிடைக்கும், பல சமயம் இரண்டு மாதம் நாலு மாதமாகவும் ஆகும்.

கேளம்பாக்கம்வாசி
மேடமோ சாரோ, கடைசி வரிக்கு நன்றி. இதை யாரும் வெளியே சொல்வதில்லை.

பெஞ்சுக்கு_வந்தவன்
மீட்டிங் முடிந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது, வார்த்தைகூட மாறவில்லை. "ஃபேமிலி மாதிரி சொல்கிறேன், ரிசைன் பண்ணிவிடுங்கள்" என்றார். யோசிக்க வேண்டும் என்றேன். முகம் மாறியது. வெள்ளிக்கிழமை வரை டைம் கொடுத்திருக்கிறார். மெயில் போட்டுவிட்டேன், பதில் இல்லை. கை இன்னும் நடுங்குகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கோபோல்காரன்
வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். என் கூட வேலை பார்த்த ஒருவர் வேலை போன பிறகும் டேகை மாட்டிக்கொண்டு தினமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் சொந்தப் புத்தகம் படிக்கும் ஹாலில் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போவார். வேலை போனதைவிட அந்த நடிப்புதான் அவரைத் தின்றது. பணக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து போட்டால்தான் எதை நிறுத்தலாம் எதை நிறுத்தக்கூடாது என்று தெரியும்.

நான் 2001, 2008 ஐடி சரிவு இரண்டையும் பார்த்த கிழம். பணத்தில் மூன்று சொல்கிறேன்.

ஹெல்த் இன்சூரன்ஸ் முதல். கடைசி வேலை நாளோடு க்ரூப் பாலிசி முடிந்துவிடும், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து. போவதற்கு முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றக் கேளுங்கள், மாற்றினால் பழைய வருஷங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். வேலை போன மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து நகையை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஈஎம்ஐ. கட்டத் தவறிய பிறகு பேங்குக்குப் போனால் நீங்கள் கடன்காரர், அதற்கு முன்னால் போனால் வாடிக்கையாளர். தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதுவரை விடாதீர்கள். லோன் வாங்கும்போது தலையில் கட்டிய இன்சூரன்ஸில் வேலையிழப்புப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சில மாத ஈஎம்ஐ வரும், ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்குப் பெரும்பாலும் அது பொருந்தாது. வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

பிஎஃப். கடைசியாகத் தொடுங்கள். முக்கியமாகப் பென்ஷன் பகுதியை எடுக்கவே எடுக்காதீர்கள். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன், உங்களுக்கு ஒன்பது. இப்போது எடுத்தால் அந்த ஒன்பதும் பூஜ்ஜியம். அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம்தான்.

ஐடி_வீட்டம்மா
கோபோல்காரன் சார் சொன்னதற்கு ஒரு ஓட்டு. என் கணவருக்கு போன வருஷம் வேலை போனது. எனக்குத் தெரிந்தது அவர் ஃபோனுக்கு வந்த "ஷார்ட்லிஸ்டட்" மெசேஜிலிருந்து. அந்த ஏமாற்றம்தான் ஆறவில்லை, சம்பளம் நின்றது இல்லை. சொன்ன பிறகு எல்லாம் சமாளித்தோம்: ஸ்கூல் ஃபீஸை டேர்முக்குப் பதில் மாதமாக வாங்கிக்கொண்டார்கள், கேட்டதற்கே கொடுத்தார்கள். காரை விற்றோம். ஊரில் மட்டும் சொல்லவில்லை, மாமியாருக்கு பிபி. அதை நான் தப்பென்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் "என்ன மாப்பிள்ளை, ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இன்னொன்று, வீட்டில் இருக்கும் ஆம்பளைக்குக் காலையில் ஒரு வேலை கொடுங்கள். சமையலோ, பையனை ஸ்கூலில் விடுவதோ, ஏதாவது. மொபைலைப் பார்த்துக்கொண்டு பதினொரு மணி வரை படுத்திருந்தால் மனசு கெட்டுவிடும். ராத்திரித் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்தால் தேவலை என்ற பேச்சு வாயில் வந்தால் அதைக் கோழைத்தனம் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104 நம்பரில் பேச ஆள் இருக்கிறார்கள். நாங்கள் பேசினோம்.

டெக்சாஸ்_தமிழன்
இங்கே அமெரிக்காவில் இருக்கிறவர்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று போனபோது ஹெச்1பி வேலை விசாவில் இருந்தவர்களுக்குப் பயம் சம்பளத்தைப் பற்றி இல்லை, 60 நாளைப் பற்றி. வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி பெட்டிஷன் போட வேண்டும், இல்லை விசாவை மாற்ற வேண்டும், இல்லை மூட்டை கட்ட வேண்டும். அதனால் இங்கே நாங்கள் செவரன்ஸ் (அனுப்பும்போது தரும் தொகை) பேசும்போது பணத்தைவிட, சம்பளப் பட்டியலில் இன்னும் சில வாரம் வைத்திருங்கள் என்றுதான் கேட்போம். உங்களுக்கு வீடாவது அங்கே இருக்கிறது தம்பி. இது ஆறுதலா என்று கேட்காதீர்கள்.

சரவணம்பட்டி_டெஸ்டர்
கறுப்புக்கோட்டு மேடம், ஒரு கேள்வி. 2015-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட டிசிஎஸ் ஊழியர் ஒருவர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், தீர்ப்பு வந்தது 2022-ல். ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷத்தில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? இதை வைத்துக்கொண்டு போராடுங்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கறுப்புக்கோட்டு
நியாயமான கேள்வி. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியம் அவர் ஜெயித்ததைவிட, அவர் தொழிலாளிதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கம்பெனிகளின் முதல் வாதமே "இவர் மேனேஜர், சட்டம் இவருக்குப் பொருந்தாது" என்பதுதான். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது கணக்கில்லை, தினமும் என்ன வேலை செய்தார் என்பதுதான் கணக்கு. கோடு எழுதி, டெஸ்ட் பண்ணி, டிக்கெட் மூடுகிறவர் "அசிஸ்டென்ட் கன்சல்டன்ட்" என்ற பட்டத்தால் முதலாளி ஆகிவிடுவதில்லை. உண்மையிலேயே ஆட்களை வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் இருந்தவருக்கு இந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷம் ஆகும் என்ற பயம் கம்பெனிக்கும் இருக்கிறது. எல்லாரும் தீர்ப்பு வரை போவதில்லை. 2015 ஜனவரியில் கர்ப்பிணி ஊழியர் ஒருவரை நீக்கியதற்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியே உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. ஃபைட், யுனைட் போன்ற ஐடி ஊழியர் அமைப்புகள் மனு எழுதிக் கொடுத்து, தொழிலாளர் துறை இருக்கும் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துக்குக் கூடவே வருவார்கள். சமரசப் பேச்சில் ஒரு அதிகாரி முன்னால் உட்கார வேண்டும் என்றாலே பல கம்பெனிகள் இரண்டு மாதத்தை நாலு மாதமாக்கிக் கொடுத்து முடித்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நீங்கள் வேலை தேடுவதையும் இது தடுக்காது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், இன்டர்வியூ ஒரு பக்கம் நடக்கட்டும்.

கோபோல்காரன்
இன்டர்வியூ என்றதும் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை 2008 மாதிரி இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போது அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்தது, மீண்டதும் ஆள் எடுத்தார்கள். இப்போது லாபம் வரும்போதே ஆளைக் குறைக்கிறார்கள். டிசிஎஸ் 2025 ஜூலையில் இரண்டு சதவீதம், 12,000 பேருக்கு மேல் என்று அறிவித்தபோது குறி வைத்தது நடு, மேல் மட்டத்தை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒவ்வொருவரும் வருஷத்தில் 225 நாள் கிளையன்டுக்குப் பில் ஆக வேண்டும், பெஞ்ச் 35 நாளுக்கு மேல் கூடாது என்று விதி போட்டார்கள். நம் தொழிலின் அடிப்படையே ஆள் கணக்குக்குப் பில் போடுவது. ஏஐ வைத்து அதே வேலையைக் குறைந்த ஆளில் செய்து கொடு என்று கிளையன்ட் கேட்க ஆரம்பித்துவிட்டான், பெஞ்சில் ஆளை ஊறுகாய் மாதிரி போட்டு வைத்த காலம் போய்விட்டது.

அதனால் தம்பி, சர்வீஸ் கம்பெனிகளை மட்டும் தட்டாதே. பழைய மகாபலிபுரம் ரோட்டிலும் போரூர்ப் பக்கமும் வெளிநாட்டு பேங்க், இன்சூரன்ஸ், ரீட்டெயில் கம்பெனிகள் தங்களுக்காகவே இங்கே நடத்தும் சென்டர்கள், அதாவது ஜிசிசி, நிறைய இருக்கிறது. அவர்களுக்கு டொமைன் தெரிந்த ஆள் வேண்டும். ஒன்பது வருஷத்தில் எந்தத் தொழிலின் சிஸ்டத்தைத் தொட்டாய் என்று ரெஸ்யூமின் முதல் பத்தியில் எழுது, டூல் பெயர்கள் அப்புறம். எல்லாரும் செத்துப்போச்சு என்ற மெயின்ஃப்ரேம்தான் எனக்கு இன்னும் சோறு போடுகிறது, க்ளெய்ம் எப்படி ப்ராசஸ் ஆகிறது என்று தெரிந்ததால். உனக்கு ஒரு சாதகமும் இருக்கிறது: 90 நாள் நோட்டீஸ் இல்லாத இமீடியட் ஜாய்னர். அதை முதல் வரியில் போடு. சம்பளத்தை அடித்துக் குறைக்கப் பார்ப்பார்கள், கொஞ்சம் குறைந்தாலும் பேண்டை மட்டும் கேட்டு வாங்கு.

வேளச்சேரி_ஃப்ரெஷர்
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஒரு கன்சல்டன்சி 1.5 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டோடு வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறது. டெலிகிராமில் இன்னொருவர் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, டிக்கெட் ஃப்ரீ என்கிறார். எது பரவாயில்லை?

கேளம்பாக்கம்வாசி
இரண்டும் வேண்டாம் தம்பி. போலி எக்ஸ்பீரியன்ஸ் வெரிஃபிகேஷனில் மாட்டினால் சேர்ந்த பிறகும் தூக்குவார்கள், கொடுத்த காசு திரும்ப வராது. பாங்காக் இன்னும் மோசம். தாய்லாந்தில் ஐடி வேலை என்று கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள், அதில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். வெளியுறவுத் துறை 2022-லேயே எச்சரிக்கை விட்டது. வேலை கொடுக்கிறவன் காசு கேட்க மாட்டான், டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட மாட்டான்.

பெஞ்சுக்கு_வந்தவன்
வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி முதலில் கேட்டது, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று. யுனைட்டில் பேசினேன், மனு எழுதித் தருகிறார்கள். இன்று எச்ஆர் ஃபோனில் மூன்றரை மாதம் வரை பேசலாம் என்றார், மெயிலில் கேட்டேன், "பார்க்கிறேன்" என்று முடித்துக்கொண்டார். இரண்டு ஜிசிசிக்கு ரெஸ்யூம் போயிருக்கிறது. ஒரு சந்தேகம்: லேப்டாப்பைக் கொரியரில் திருப்பி அனுப்பச் சொல்லி அட்மினிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அனுப்பினால் வேலையை விட்டதாக ஆகிவிடுமா?

கறுப்புக்கோட்டு
ஆகாது. ஆனால் கொடுக்காமல் இருந்தால் கம்பெனிச் சொத்தை வைத்திருப்பதாக அவர்கள் நோட்டீஸ் விடுவார்கள். "உங்கள் உத்தரவின்படி லேப்டாப்பை ஒப்படைக்கிறேன், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு மெயில் போட்டுவிட்டு அனுப்புங்கள். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஃபோட்டோ, கொரியர் ரசீது இரண்டையும் எடுத்து மனுவின் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போகும்போது தனியாகப் போகாதீர்கள், சங்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விடாவிட்டாலும் கேட்டில் நிற்கட்டும்.